பனிக்குள் வாசித்த தாலாட்டு

நோர்வூட்
14.1.1958

அன்புள்ள ஜெமீலா,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆ கேட்டபடி எழுதுகிறேன். புத்தளத்து வெயிலில் உம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

கடை வேலைக்கு நடுவே, கந்தப்பன் எழுதி நடத்தும் நாடகங்களுக்கு நான் இசையமைப்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் புது நாடகம் போட்டோம். பாதியில் பனிமூட்டம் மேடைக்குள் புகுந்து நடிகர்களை மறைத்துவிட்டது. சனங்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள்.

கந்தப்பன் ஓடிவந்து, "நானா, நிறுத்திடாதீங்க, எதையாவது வாசிங்க" என்றார்.

என் விரல்கள் தாமாகவே ஆர்மோனியத்தில், நம் பிள்ளைக்கு நீ கட்டிப் பாடும் தாலாட்டைப் பிடித்தன. யாருக்கும் யாரும் தெரியவில்லை. ஆனால் ஒருவரும் போகவில்லை. எங்கிருந்தோ பெண்கள் மெல்ல அதோடு ராகம் இழுத்தார்கள். மேகத்துக்குள் உட்கார்ந்து வாசிப்பது போலிருந்தது.

பனி விலகி, நாடகமும் முடிந்த பிறகு கந்தப்பன் சொன்னார்: "இத்தன நாளா என் பாட்டுக்கு நீங்க மெட்டுப் போட்டீங்க. இனி இந்த மெட்டுக்கு நான் நாடகம் எழுதுறேன்."

அது உன்னுடையது என்றேன்.

"அப்ப அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்கிறேன், தருவாயா?

இங்கே குளிர் அவ்வளவு இல்லை. ஆனாலும் ஒரு கம்பளிச் சால்வை அனுப்பு. பிள்ளையின் பழைய சட்டை ஒன்றையும் அதற்குள் வை, துவைக்க வேண்டாம்.

தபால் கந்தோரை மூடப் போகிறார்கள்.

உன்,
நஸார்