பேச்சித்தாயின் பெஞ்சு

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்தே சாரல். மழைக்கோட்டு கிழிசல், தைக்கக் கொடுக்க வேண்டும். கோர்ட் உத்தரவுப்படி இன்று முதல் மேலத்தெருப் பள்ளியும் கீழத்தெருப் பள்ளியும் ஒன்று. என் ஐந்தாம் வகுப்பில் மேலத்தெரு ஒன்பது, கீழத்தெரு எட்டு. கலந்து உட்கார வைக்க வேண்டும் என்பதும் உத்தரவு. ஹெச்.எம்.: "அகர வரிசையில உக்கார வச்சிருங்க டீச்சர். ஒருத்தரும் குறை சொல்ல முடியாது."

ஜூலை 8, செவ்வாய்
வைத்தேன். முன் இரண்டு பெஞ்சு: இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிராஜா... முழுக்கக் கீழத்தெரு. பின் இரண்டு: பேச்சித்தாய், பேச்சிமுத்து, பேச்சியப்பன்... முழுக்க மேலத்தெரு. தெருவுக்கொரு குலதெய்வம், பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பெயர். நான்கு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அசடு, தோன்றவே இல்லை. ஹெச்.எம்.: "பேப்பர்ல சரியாத்தான இருக்கு? விடுங்க."

ஜூலை 9, புதன்
வெயில். பேச்சித்தாயின் அப்பா, நெல் வியாபாரி, வாசலில் மறித்தார். "உத்தரவுப்படிதான உக்காந்திருக்குதுவ? மாத்திராதீங்க டீச்சர். மாத்துனா எங்க தெரு மொத்தமும் டி.சி. வாங்கிரும்."
மொத்தமும் போனால் ஒரு பணியிடம் போகும். கடைசியாக வந்தவள் நான். படுத்த படுக்கையான அம்மாவை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவேன்? பயம்தான். மாற்றவில்லை.

ஜூலை 10, வியாழன்
கோர்ட் அனுப்பிய வக்கீல் வந்தார். ரெஜிஸ்டரையும் பெஞ்சையும் ஒப்பிட்டார். திருப்தி. இசக்கியம்மாளிடம், "புதுப் பள்ளிக்கூடம் எப்படிம்மா?"
"பழசு மாதிரியேதான் இருக்கு சார்."
அவர் சிரித்தார். பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருப்பதாக ஒரு தாள் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.
வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி
பிறந்த தேதி வரிசையில் மாற்றிவிட்டேன். பேச்சித்தாயும் இசக்கியம்மாளும் ஒரே மாதம், ஒரே பெஞ்சு. மத்தியானத்துக்குள் ரப்பருக்குச் சண்டை, சமாதானம்.
மூன்று மணிக்குப் பேச்சித்தாயின் அப்பா. டி.சி. வேண்டுமாம். மனு வேண்டும் என்றேன். இந்த ஊரில் மனுவெல்லாம் டீச்சர்தான் எழுதுவது, அவர்கள் கையெழுத்து மட்டும். "எழுதுங்க, போட்டுத் தாரேன்."
எழுதினேன்: 'என் மகள் பக்கத்தில் கீழத்தெரு இசக்கியம்மாள் உட்கார்ந்திருப்பதால்.'
இரண்டு தடவை படித்தார். "இப்படியா எழுதுவாவ?"
"வேற காரணம் இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி, எழுதித் தாரேன்."
பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மகளைக் கூப்பிடவில்லை. அவள் கடைசி மணி வரை இருந்தாள்.
அவர் மனு கையெழுத்தில்லாமல் இங்கே கிடக்கிறது. என் தாள் கையெழுத்தோடு கோர்ட்டுக்குப் போய்விட்டது.