சாத்திய கதவுக்குப் பின்னால்

ஜூன் 12, வியாழன்.

மகள் யாழினியை மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாமுக்குக் கூட்டிப்போனேன். சான்றிதழில் குறைபாடு நாற்பது சதவீதமாவது என்று எழுதினால்தான் தனி ஆசிரியை தருவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவளை உள்ளே வைத்துக்கொண்டு, என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். திறந்தபோது டாக்டர் சிரித்தபடி, "கவலப்படாதீங்கம்மா, வந்துடும்" என்றார்.

எட்டு வயதாகியும் யாழினி சொந்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டதை, கேட்ட குரலிலேயே, எப்போதாவது திருப்பிச் சொல்வாள்.

இன்று விளக்கை அணைத்ததும் இருட்டில் அந்த டாக்டரின் குரல் கேட்டது.

"முப்பதே போடு. அந்தம்மா கேட்டா அடுத்த முகாமுக்கு வரச் சொல்லிக்கலாம்."

கூடத்தில் படுத்திருந்த என் கணவர் எழுந்து ஓடிவந்தார். "உள்ள யாரு கீறாங்க?"

யாருமில்லை. யாழினி மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

நாளைக்கே போய்க் கேட்கிறேன் என்றேன்.

"யாரு சொன்னாங்கன்னு கேட்டா இன்னான்னு சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு அவர் போய்ப் படுத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல் வந்தது. பருத்திப்பட்டுக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோவில், என் அக்காவிடம் போனில் அதை யாருக்கும் கேட்காமல் சொன்னதாக நினைத்திருந்தேன்.

"இவ பொறக்காமலே இருந்திருக்கலாம்க்கா."

என் குரல்தான். கடைசியில் விட்ட பெருமூச்சு உட்பட.