நிழலுக்கு ஏற்ற செடிகள்

தாணே
3 ஜூன் 2024

அன்புள்ள லூர்து அக்காவுக்கு,

உன் சித்தி மகள் அனிஷா எழுதுவது. இருக்கிறேன். நீயும் உன் செம்பூர் நர்சரியும் எப்படி? போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. என் போனை இவர் தினமும் வாங்கிப் பார்க்கிறார். சாஜனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் இந்தத் தாளைச் செடி லிஸ்ட் என்று சொல்லியிருக்கிறேன். "எங்க, வாசி பாப்போம்" என்றார். "பாக்கு மரம் நாலு, பெரணி பத்து" என்று வாயில் வந்ததை வாசித்தேன். மண் இறக்க வந்த உங்கள் டெம்போ கணேசபாண்டியன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

புது வீடு பெரிசு. தோட்டம் அதைவிடப் பெரிசு, தாராவியில் நம் சந்தே இதற்குள் அடங்கிவிடும். ஆனால் மூன்று தூங்குமூஞ்சி மரமும் ஒரு பலாவும் சேர்ந்து வானத்தையே மூடிவிட்டன. மத்தியானத்திலும் அடுக்களையில் லைட் போடுகிறேன். இந்த நிழலில் என்னதான் வரும்? கனகாம்பரம் வருமா?

ஜூலை ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். "இவ்ளோ பெரிய தோட்டம் வாங்கித் தந்திருக்கேன், இன்னும் எங்க போணும் உனக்கு?" என்கிறார். கேட் சாவி அவரிடம்தான்.

உன் அன்புத் தங்கை,
அனிஷா


செம்பூர்
7 ஜூன் 2024

அடி அனிஷா,

கல்யாண விருந்தில் அவனே உன் தட்டில் பரிமாறினான், எதைச் சாப்பிடலாம் என்பதையும் அவனே சொன்னான். பார்த்து எல்லோரும் பூரித்தோம். எனக்கும் அன்றைக்குப் பிடித்திருந்தது பார், அதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

பலா அடியில் சேம்பு வை. வெற்றிலைக் கொடியை மரத்தில் ஏற்றிவிடு. கனகாம்பரத்துக்குக் காலை வெயில் கொஞ்சமாவது படும் ஓரமாகப் பார். ரோஜா வேண்டும் என்று அடம் பிடிக்காதே, வராது.

உன் வீட்டுக்காரன் நர்சரிக்குப் போன் பண்ணினான். வெளியிலிருந்து யாரும் உள்ளே பார்க்கக் கூடாதாம், சுற்றிலும் நெருக்கமாக மூங்கில் வேண்டுமாம். "உள்ள இருக்கவளுக்கு வெளியவும் தெரியாதே தம்பி" என்றேன். "பரவால்ல" என்றான். 

உன் சர்ட்டிஃபிகேட் எல்லாம் எங்கே? அதை முதலில் சொல்.

லூர்து


தாணே
15 ஜூன் 2024

அக்காவுக்கு,

மூங்கில் அறுபதும் வந்தது. என் கையாலேயே நட்டேன். "அழகா நடுற" என்று பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சர்ட்டிஃபிகேட் அவர் பீரோவில் இருந்தது. குளிக்கப் போன நேரத்தில் எடுத்து, திரும்பிப் போகும் காலிச் சாக்குகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். 

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "குடிக்கானா, அடிக்கானா? பங்களா வீட்ல இருந்துக்கிட்டு என்னட்டி குறை உனக்கு?" என்கிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நேற்று கேட் பக்கம் சும்மா நின்றேன். "அங்க செடி ஒண்ணும் இல்லையே" என்றார். சத்தமே போடவில்லை. உடனே திரும்பி வந்துவிட்டேன் அக்கா. அப்படித் திரும்பி வந்ததை நினைத்தால்தான் மூச்சு முட்டுகிறது.

அனிஷா


செம்பூர்
20 ஜூன் 2024

அனிஷா,

ஃபைல் என் கைக்கு வந்துவிட்டது. 29, சனிக்கிழமை கடைசி லோடு. டெம்போவுக்காக அவன் கேட்டைத் திறப்பான். கட்டிய துணியோடு வந்து முன் சீட்டில் ஏறிக்கொள். மற்றதைக் கணேசபாண்டியன் பார்த்துக்கொள்வான். என் வீட்டில் ஒரு பாய்க்கு இடம் இருக்கிறது.

லூர்து


தாணே
24 ஜூன் 2024

அன்பான லூர்து மேரி,

இந்த கடிதம் உங்களை நன்றாகக் கண்டுபிடிக்கும் என்று நம்புகிறேன். நான் தமிழ் படிக்க முடியாது ஆனால் எனது தொலைபேசி முடியும். படம் எடுத்தால் அது ஆங்கிலம் செய்கிறது. உங்கள் கடைசி கடிதம் சுவாரஸ்யமானது. பழையவற்றை அரிசி டப்பாவில் கண்டேன். சனிக்கிழமை வாகனம் தேவை இல்லை. அனிஷாவின் வேலையை ரத்து செய்து மருத்துவமனைக்கு மின்னஞ்சல் செய்துள்ளேன். அவள் மகிழ்ச்சியாக இருக்கிறாள். தோட்டம் முழுமையானது.

உங்கள் உண்மையுள்ள,
சாஜன்


செம்பூர்
26 ஜூன் 2024

தம்பி சாஜனுக்கு,

உன் பிரிண்ட் கடிதம் வந்தது. இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

அதை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மேட்ரன் ஃபர்ஸானாவிடம் காட்டினேன். வேலை வேண்டாம் என்று அனிஷாவே வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், உன் மெயில் செல்லாதாம். ஒன்றாம் தேதி வரை இடம் அவளுடையதுதான். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கூட ஒரு லேடி கான்ஸ்டபிள் வருகிறார்.

இதைக் கணேசபாண்டியன் உன் கையில் கொடுக்கும்போது, நாங்கள் உன் மூங்கிலுக்கு இந்தப் பக்கம் டெம்போவில் உட்கார்ந்திருப்போம். நீ படம் எடுத்து முடிக்கும் வரை காத்திருக்கிறோம், அவசரமில்லை. வாசிக்கத்தானே உனக்கு வராது, பேசினால் புரியுமே. சாவியை எடுத்துக்கொண்டு வா, பேசுவோம்.

லூர்து மேரி