அடிக்கிற கை

அண்ணனுக்கு,

தாராவியில் எனக்குத் தாலி கட்டிய அந்த ஆளோடு வாழ முடியாமல் நான் ஓடிவந்து சமையல் வேலை பார்க்கும் செம்பூர் வீட்டுக்கு, நேற்று அவனையே கூட்டி வந்தாய்.

கழுத்தில் அவன் வைத்த பீடிச் சூடுகளை உன்னிடம் காட்டினேன். நீ குனிந்து பார்த்துவிட்டு, “அடிக்கிற கைதாம்ட்டி அணைக்கும், பொறப்படு” என்றாய். அவன் வெற்றிலை வாயோடு சிரித்தான். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவனைப் பார்த்து அல்ல.

வீட்டுக்காரி செண்பகவல்லி அம்மாள்தான், “அவ வரமாட்டா. ரெண்டு பேரும் வெளிய போங்க” என்றாள்.

“வாங்க மச்சான், பொறவு பாத்துக்கிடுவோம்” என்று அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தாய்.

நீ தண்ணீர் குடித்த தம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தேன். அப்படியும் அதில் வாய் வைக்க மனம் வரவில்லை.

இனி நீ தனியாகக்கூட இங்கே வராதே.

உன்னோடு பிறந்துவிட்டவள்