அம்மாவின் பல்லுக்கு நூலா, குச்சியா

அன்பு மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல, மாடி வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறோம். எங்களைப் பற்றி அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான்.

கிடங்கில் தீப்பிடித்துச் சர்க்கரை மூட்டையெல்லாம் உருகித் தெருவில் ஓடியதே, பஸ்காரர்கள் மாதக்கணக்கில் ஸ்டிரைக் செய்தார்களே, நீ மஞ்சள் காமாலையில் படுத்துப் பரீட்சையைக் கோட்டை விட்டாயே, அந்த வருஷம்தான் அம்மா மேல்வாய்க்குப் பல்செட் கட்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சொந்தப் பல், அதில் கம்பி மாட்டித்தான் செட் நின்றது. அன்றிலிருந்து செட்டைக் கழற்றும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள், செட் இல்லாத வாயை நான் பார்த்ததே கிடையாது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகும் அப்படித்தான். அந்தப் பல்லிடுக்கில் சோறு தங்குகிறது, தினம் சுத்தம் செய்யாவிட்டால் செட் நிற்காது என்று பல் டாக்டர் சொன்னதும் நீ நூல் சுருள் ஒன்றும், நுனியில் நூல் கட்டிய பிளாஸ்டிக் குச்சி ஒரு பெட்டியும் அனுப்பினாய். நூல்தான் நல்லது, பல்லை வளைத்துத் துடைக்கும், குச்சி வெறும் குப்பை என்று போனில் சொன்னாய். நீ சொன்னது தப்பில்லை மகளே. ஆனால் நூலுக்கு இரண்டு கை வேண்டும். நான் என் விரலில் சுற்றிக்கொண்டு போனேன், அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். குதிரைக்குக் கடிவாளம் போடற மாதிரி வராதீங்க, அந்தக் குச்சியைக் குடுங்க, எனக்கு இன்னும் ஒரு கை இருக்கு என்றாள். நானும் விட்டது தொல்லை என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் அம்மாவுக்கு இடது கன்னம் வீங்கி, கண் திறக்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். தினமும் புதுக் குச்சிதானே எடுக்கறீங்க என்று டாக்டர் கேட்டதற்கு, நல்லா இருக்கறதை எதுக்குங்க தூக்கிப்போடணும், கழுவிக் காயவெச்சுத்தானே எடுக்கறேன் என்று இவள் பெருமையாகச் சொல்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டி அப்படியே இருக்கிறது, ஒரே குச்சி, நூல் திரியாய்ப் பிரிந்து ஜன்னல் கம்பியில் செருகியிருக்கிறது. பல் தேய்க்கிற பிரஷ் நைந்தால் சீப்புக்கு அழுக்கெடுக்க, அதுவும் போனால் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட என்று வைத்துக்கொள்கிறவளிடம் ஒரு தரம் தொட்டதும் போடு என்றால் கை வருமா? தீர்ந்துட்டா மறுபடி பொண்ணுகிட்டதானே கேக்கணும் என்றாள்.

இடது பக்கப் பல் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். செட் இப்போது வலது பக்கம் மட்டும் தொங்குகிறது, பேச வாயைத் திறந்தால் நழுவுகிறது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். போனில் உம் மட்டும் கொட்டினால் கோபம் என்று நினைக்காதே. மிச்சம் இரண்டும் போனால் இனி வேறு செட் நிற்க ஈறில் பிடிமானம் இல்லையாம். செட்டை இழுத்துக் கட்ட எங்கிட்ட இருக்கற நூல்கண்டையும் கொண்டாரட்டுமா என்று தையல்காரம்மா சிரிக்க வைக்கப் பார்த்தாள், உன் அம்மா சிரிக்கவில்லை.

யோசித்துவிட்டேன், குச்சிதான். அவள் தேய்த்து முடித்ததும் கையோடு வாங்கி ஒடித்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் குப்பைக் கூடையில் துழாவுகிறாள். ஒவ்வொரு தரமும் என்னவோ கோழிக்குஞ்சின் கழுத்தைத் திருகிவிட்டது போலப் பார்க்கிறாள். குப்பை சேருகிறது என்று நீ மனம் சங்கடப்படாமல் அனுப்பிக்கொண்டே இரு. இங்கே கடையில் சும்மா கொடுக்கறாங்கம்மா என்று அவளிடம் ஒரு பொய் சொல்லு, நீ சொன்னால் நம்புவாள். மறக்காதே. ராத்திரியில் குழந்தைக்கு வாய் கொப்பளிக்கப் பழக்கு. ஒரு குறையும் வராமல் நீங்கள் மூவரும் நீண்ட நாள் சேர்ந்திருக்க வேண்டும்.

கீழே என்ன பேர் போடட்டும் என்று தையல்காரம்மா கேட்கிறாள். அப்பா என்று போட்டால் போதும் என்றேன். மூட்டை தூக்கப் போகும்போதும் இஸ்திரிச் சட்டை போடுவேன் என்று கிடங்கில் என்னைத் துரை என்பார்கள். அந்தப் பேரை வைத்த மேஸ்திரி போய்விட்டார், எடைக்காரர் போய்விட்டார், உன் சித்தப்பாவும் போய்விட்டான். துரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா என்று கேட்க இன்னும் உயிரோடு இருப்பது உன் அம்மா ஒருத்திதான்.

அப்பா