துடக்கு வீட்டில் வயலின்

என் அன்பு இஞ்சருங்கோவுக்கு,

எப்போதும் "இஞ்சருங்கோ" என்றே கூப்பிட்டவள் நான், உங்களைப் பெயர் சொல்லி அழைத்து எனக்குப் பழக்கமில்லை. இப்போது தொடங்கினால் நீங்களே சிரிப்பீர்கள்.

நீங்கள் கண்மூடி முப்பத்தோராம் நாள் இன்னும் வரவில்லை. வீட்டில் இன்னும் துடக்கு. சாவுத் தீட்டுக் கழியும்வரை பாட்டு, வாத்தியம் எதுவும் கூடாது. ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து உங்கள் அக்காதான் சோறு கறி கொண்டுவருகிறார். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குத் துடக்குத் தெரியுமா? எங்கள் மகள் மதுராவின் விண்ணப்பத் தவணை இந்தக் கிழமையோடு முடிகிறது. விரும்பினால் அவள் வயலின் வாசிக்கும் பதிவும் சேர்த்து அனுப்பலாமாம்.

அக்காவிடம் கேட்டேன்.

"செத்த வீட்டில வயலினோ? ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்றார்.

மதுரா வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். "இட்ஸ் ஓகே அம்மா. அது ஆப்ஷனல்தானே."

நானும் தலையாட்டினேன். வழக்கத்துக்குப் பயந்து அல்ல. பதிவு போகாவிட்டால் இடம் கிடைக்காமல் போகலாம், பிள்ளை சிட்னியில் என்னோடேயே இருப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. உங்கள் சாவைச் சாட்டாக வைத்து அவளைக் கட்டிவைக்கப் பார்த்தேன். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மறுநாள் அவள் கதிரையில் இருந்தபடி, இடது கை விரல்களால் தன் மற்றக் கையிலேயே ஸ்வரங்களை அழுத்திப் பார்ப்பதைக் கண்டேன். என்னால் தாங்க முடியவில்லை. அக்கா போன கையோடு அவளைக் கராஜுக்குள் கூட்டிச்சென்று, அயலுக்குக் கேட்காதபடி கதவை இறக்கினேன். குவேக்கர்ஸ் ஹில் வெயிலில் உள்ளே வெந்துகொண்டிருந்தது. போனை உங்கள் காரின் மேல் நிறுத்தினேன்.

"அம்மா, ஆர் யூ ஷுவர்?"

"ஓம். வாசி பிள்ளை."

வாசித்தாள். என் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. முடித்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நீங்கள் இல்லை என்பதையே மறந்துபோனேன். அதற்கும் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

"ஒரு இடத்தில பிழைச்சுப்போச்சு. இன்னொருக்கா வாசிக்கட்டா?" என்றாள். எனக்குப் பிழை எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஓம் என்றேன். இன்னொரு தரம் அப்படி இருக்க ஆசையாக இருந்தது.

அனுப்பிவிட்டோம். முப்பத்தொன்று முடிந்ததும் அக்காவிடம் நானே சொல்கிறேன். பேச்சு விழுந்தால் என் தலையில் விழட்டும்.

இடம் கிடைத்தால், விமான நிலையத்தில் அழமாட்டேன் என்று உங்களுக்கு வாக்குத் தர முடியாது. அழுவேன். ஆனால் "போகாதே" என்று மட்டும் சொல்லமாட்டேன்.

உங்கள் மனைவி,
மதுராவின் அம்மா