ஆராயியின் கல்

திருவண்ணாமலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாறனுக்கு,

ஓவியா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். உன் நலத்தை வேலூர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். உள்ளே போன் தர மாட்டார்களாம், கடிதம் என்றால் தருவார்களாம். கல்யாணம் ஆனதிலிருந்து உன் அப்பா, மாமா முன்னால் உன்னை ‘நீங்க’ என்பேன். கையில் பேனா வந்ததும் கல்லூரிக் காலத்து ‘நீ’ வந்துவிடுகிறது. இருக்கட்டும்.

கை நடுக்கம் குறைந்ததா? சாப்பிட முடிகிறதா?

ஊரில் உனக்கு மஞ்சள் காமாலை. நான்தான் அப்படிச் சொன்னேன். பஞ்சாயத்துத் தலைவர் குடியை விடுவதற்காக ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் பக்கத்து வீட்டு அருணாதேவி அக்கா தினமும் ஒரு கட்டு கீழாநெல்லி கொண்டுவருகிறார். “அரைச்சு மோர்ல கலந்து அனுப்பும்மா, தலைவரு ஓடி வந்துடுவாரு” என்கிறார். வாங்கிக்கொள்கிறேன். அவர் போனதும் ஆட்டுக்குப் போடுகிறேன். நம் ஆட்டின் கல்லீரல் இனி நூறு வருடம் தாங்கும்.

வேர்க்கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லை. மாமா காலையிலிருந்து யாரையாவது திட்டிக்கொண்டிருக்கிறார். உன்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வாசற்படியில் ஒரு கல் இருக்கிறது. சுண்ணாம்பு அடித்தது. மேலே நீல நிறத்தில் ஓர் உள்ளங்கை அச்சு.

ஆராயியின் கல். பௌர்ணமிக்கு மறுநாள் தலையில் சுமந்துவந்து வைத்தாள். அவளுக்குப் பேச்சு கிடையாது. தன் வாயைக் காட்டினாள். பிறகு உன் செருப்பைக் காட்டினாள். போய்விட்டாள்.

நீ எதுவும் நினைவில்லை என்றாய். அதனால் தெரிந்ததையே எழுதுகிறேன்.

கிரிவலப்பாதையில் நம் ஊர்ப் பக்கம் கடை போடுகிறவர்கள் பௌர்ணமிக்கு முன்தினமே ஆளுக்கொரு கல் வைத்து இடம் பிடிப்பார்கள். ரசீது கிடையாது. காவல் கிடையாது. மாடு உதைத்து உருண்டால்கூட எடுத்துப் பழைய இடத்திலேயே வைப்பார்கள். இந்த ஊர் எதற்கெல்லாமோ அடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்தவர் கல்லை மட்டும் தொட்டதில்லை.

நீ தொட்டாய். கையால் அல்ல, போனில். கான்ட்ராக்டர் சகாதேவனின் மோட்டார் கொட்டகையில், எத்தனையாவது டம்ளரோ. தன் அன்னதானப் பந்தலுக்குக் குளத்தங்கரை முழுவதும் வேண்டும் என்று அவர் கேட்டார். நீ ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் தள்ளிவிடச் சொன்னாய். விடிந்தபோது கற்கள் ஓடையில் கிடந்தன.

மற்றவர்கள் கத்தினார்கள். பந்தல் பாதியாகச் சுருங்கியது. ஓடையில் இறங்கித் தங்கள் கற்களை எடுத்துவந்து, இடித்துப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆராயி குளத்தங்கரைப் புங்கமரத்தடிக்கு வந்தபோது, அவள் இடத்தில் வேடியப்பன் மாமாவின் கரும்புச்சாறு வண்டி நின்றது. அவள் மரத்தைக் காட்டினாள், தன் நெஞ்சைக் காட்டினாள். “எங்க இருந்துச்சுனு வாயத் தொறந்து சொல்லு ஆராயி, நவுந்துக்கறேன்” என்றாராம் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அவித்த கடலை அண்டாவோடு திரும்பிப் போனாள். மறுநாள்தான் ஓடையில் தன் கல்லைத் தேடி எடுத்து நம் வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

கேட்டவர்களிடம் நீ “நான் யாருக்கும் எதுவும் சொல்லல” என்றாய். வீட்டுக்கு வந்து, “என்ன எங்கயாவது சேத்துடு ஓவியா” என்றாய். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வேடியப்பன் மாமாவைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. “தலைவர் சொல்லித்தானம்மா எடுத்தாங்க. அவரு வாயால சொல்லட்டும், அடுத்த நிமிஷம் வண்டிய எடுத்துடறேன். நீ சொன்னா எப்படி?” என்றார்.

நீ ஜெயித்த வாரம் கீழ்பென்னாத்தூரில் அம்மாவோடு சர்ச்சுக்குப் போனேன், நினைவிருக்கிறதா? அன்று வேதத்தில் வாசித்ததை வந்து உன்னிடம் சொன்னேன். ஒரு ராஜாவுக்கு அவனைப் பெற்றவள் சொன்ன புத்தி. குடி ஆள்கிறவர்களுக்கு ஆகாது, குடித்தால் சட்டம் மறந்துபோகும், எளியவனின் நியாயம் புரண்டுபோகும் என்கிறாள். பேச முடியாதவர்களுக்காக நீ பேசு என்கிறாள்.

“நான் ராஜா இல்லடி, பஞ்சாயத்து தலைவர். ராஜாவுக்கு சம்பளம் ஜாஸ்தி” என்றாய். அதோடு விட்டாயா? என் வேதத்தையே எடுத்துப் புரட்டி, மனம் கசந்தவனுக்கு மது கொடுக்கலாம் என்று அதே இடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தாய். எம்.ஏ. படித்தவன். நீ கசந்தவன் இல்லை, கையெழுத்துப் போடுகிறவன் என்றேன். இருவரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு இப்போது கேட்கிறது. புங்கமரத்தடியில் சிரித்தவர்களின் சத்தம் போலவே.

பேச முடியாதவர்கள் என்றால் ஏழைகள், பொதுவாக ஜனங்கள், என்றுதான் அன்று நினைத்தேன். ஆராயியை நினைக்கவில்லை. ஒவ்வொரு பௌர்ணமியும் அவளிடம் கடலை வாங்கியிருக்கிறேன்.

அக்டோபர் இரண்டு கிராம சபை. அன்றைக்கு ஒயின்ஷாப்பும் மூடியிருக்கும். சகாதேவன் போன் செய்தார். “தலைவருக்கு ஒடம்பு முடியலனு சொல்லிடுங்க மேடம், துணைத்தலைவர வெச்சு முடிச்சுக்கலாம். இன்னும் ரெண்டு பௌர்ணமி போனா எல்லாம் மறந்துடுவாங்க” என்றார். அவர் கணக்கு சரி. மறந்துவிடுவார்கள். நான் சொன்ன காமாலையும் அதற்குத்தான் உதவப்போகிறது.

ஒரு நாள் உன்னை வெளியே அனுப்ப முடியும் என்கிறார் டாக்டர். முதல் பஸ்ஸில் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ நிறையப் பேச வேண்டாம். நான் குடித்திருந்தேன், நான்தான் எடுக்கச் சொன்னேன், புங்கமரத்தடி ஆராயியுடையது. இவ்வளவு போதும். அதற்கு முன் நான் எழுந்து, காமாலை பொய் என்று சொல்லிவிடுகிறேன். அருணாதேவி அக்கா என்னைத் திட்டட்டும்.

அதன் பிறகு உனக்கு யாரும் ஓட்டுப் போடாமல் போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். வராவிட்டால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

“போறவன் வர்றவன்லாம் கேக்கறான், அந்தக் கல்ல எடுத்து ஓரமா போடும்மா” என்று மாமா இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் தொடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு புங்கமரம் வரை நடக்க வேண்டியவன் நீ.

கர்த்தர் உன் கைக்கு நடுக்கமில்லாத பலம் தரட்டும். உன் வாய்க்கும்.

வரும்போது வாசலில் பார்த்துக் கால் வை.

உன்,
ஓவியா